தவறுக்கும் ஒரு தாள் போடுங்கள்: ஃபார்முலா ஒன் ஸ்டூவர்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் பந்தய ஸ்டூவர்டுகளுக்கு,

வணக்கம்.

நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். பந்தயக் கார் ஓட்டியவனல்ல. எங்கள் பட்டறைக்குள் ஃபோர்க்லிஃப்ட் கொஞ்சம் வேகமாகப் போனாலே விசில் ஊதுகிற ஆள் நான். ஆனால் விதி மீறலை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நீங்கள் ஒவ்வொரு பந்தய வாரமும் வெளியிடும் எண்ணிட்ட தாள்களைத் தேடிப் படிக்கிறவன். கார் எண், டிரைவர், நேரம், நடந்தது, மீறிய விதி, முடிவு, காரணம் என்று கட்டம் கட்டமாக வருமே, அவைதான். முதன்முதலில் ஒன்றைப் பார்த்தபோதே பழகிய முகம் மாதிரி இருந்தது. நான் எழுதும் விபத்து அறிக்கைக்கும் ஏறக்குறைய அதே கட்டங்கள்தான்.

ஐரோப்பாவில் நடக்கும் பந்தயங்கள் எங்களுக்கு ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும். எங்கள் புளோக் பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரு மேசை இருக்கிறது. டிரைவர்களில் என் மகள் ஹேமில்டன் கட்சி. மேல் மாடி அண்ணன் அலோன்சோ கட்சி. இருபது வருடமாக மாறவில்லை, மாறவும் மாட்டார். பட்டறையில் சுமைகளைக் கட்டித் தூக்கும் ரிக்கராக இருக்கும் விருதுநகர்த் தம்பி ஒருவன் தங்குவிடுதியிலிருந்து பஸ் ஏறி வருவான். அவன் வெர்ஸ்டாப்பன். எனக்குக் கட்சி இல்லை என்று சொல்லிக்கொள்வேன், யாரும் நம்புவதில்லை. தே தாரிக் ஆறிப்போகும், கைப்பேசியில் படம் நின்று நின்று வரும், திரையின் ஓரத்தில் ‘விசாரணையில் உள்ளது’ என்று ஒரு வரி ஓடும். உடனே மேசை இரண்டாகும். பெனால்ட்டி என்ன, எத்தனை விநாடி, ஏன் என்று விளக்குகிற வேலை என் தலையில் விழும்.

அந்தத் தம்பி ஒருநாள் கேட்டான்: “அண்ணே, குடுத்த தீர்ப்பு தப்புன்னு அவங்களே பின்னால சொன்னா, அதுக்கும் பேப்பர் வருமா?”

என்னிடம் பதில் இல்லை. இந்த மடலுக்குக் காரணம் அதுதான்.

முதலில் எங்கள் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுகிறேன். ரசிகன் நியாயவான் அல்ல. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. 2012ஆம் ஆண்டு நாங்கள் நான்கு பேர் கடற்பாலம் தாண்டிக் கார் ஓட்டிக்கொண்டு மலேசியாவின் செபாங் பந்தயத்துக்குப் போயிருந்தோம். காரணம் ஒருவர்தான்: கோயம்புத்தூர்க்காரர் நாராயண் கார்த்திகேயன். எச்ஆர்டி என்ற, வரிசையின் கடைசியில் ஓடும் கார். அன்று கொட்டிய மழையில், முழு மழை டயரோடு புறப்பட்ட அவர் பத்தாவது இடம் வரை வந்தார். அந்தச் சில சுற்றுகளை நாங்கள் இன்றும் பேசுகிறோம். பிறகு, பந்தயம் முடியப் போகும் நேரத்தில், அவரை ஒரு சுற்று முந்திக்கொண்டிருந்த வெட்டலின் கார் அவர் கார் மேல் பட்டு டயர் கிழிந்தது. வெட்டல் புள்ளி இல்லாமல் முடித்தார், கார்த்திகேயனை ‘வெள்ளரிக்காய்’ என்றார். ஜெர்மன்காரர்கள் மோசமாக ஓட்டுகிறவனை அப்படித் திட்டுவார்களாம். நீங்கள் கார்த்திகேயனுக்கு 20 விநாடி கூட்டினீர்கள். அன்று இரவு ஜோகூர் வரும்வரை காருக்குள் உங்களைத் திட்டாத வாய் இல்லை. முழுதாகத் தாண்டும் முன்பே வெட்டல் குறுக்கே வந்தார் என்பது இன்றும் என் எண்ணம். ஆனால் அந்த எண்ணத்தில் எத்தனை பங்கு கண்ணால் பார்த்தது, எத்தனை பங்கு கோயம்புத்தூர் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் ‘எல்லாப் பந்தயத்திலும் ஒரே மாதிரித் தீர்ப்பு கொடுங்கள்’ என்று நான் கேட்கப்போவதில்லை. மற்றவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கோரிக்கை அது. 2025இல் மட்டும் 24 பந்தயங்கள். வாரத்துக்கு வாரம் குழு மாறுகிறது; பந்தயம் நடக்கிற நாட்டுக்காரர் ஒருவரும் அதில் உட்காருகிறார். உங்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். டிரைவர்களோ கோடிகளில் வாங்குகிறவர்கள். அளக்கக்கூடியவற்றில் உங்களோடு யாருக்கும் சண்டை இல்லை. 2025இல் இங்கே, புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்று முடிந்தபின் வில்லியம்ஸ் அணியின் இரண்டு கார்களும் நீக்கப்பட்டன. பின் இறக்கையின் இடைவெளி 85 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. அளவுகோல் சொன்னது, முடிந்தது. எங்கள் மேசையில் அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சண்டையெல்லாம் அளவுகோல் இல்லாத இடத்தில்தான். வளைவின் உச்சியில் யாருடைய முன் அச்சு யாருடைய கண்ணாடிக்கு நேராக இருந்தது என்று நீங்கள் பார்க்கும் வழிகாட்டுதல்களை 2025 ஜூனில் வெளியே விட்டீர்கள். நல்ல காரியம். அதைத் தமிழில் சொல்லி, சீனிக் குவளையையும் முள்கரண்டியையும் காராக வைத்துக் காட்டியதில் எங்கள் மேசையில் பாதிச் சண்டை குறைந்தது. மீதிப் பாதி குறையாது, குறையவும் வேண்டாம். சண்டை இல்லாவிட்டால் நாங்கள் ஏன் இரவு பதினொன்று வரை உட்கார வேண்டும்?

உங்கள் பக்கம் நின்று எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையும் ஒன்று உண்டு. 2013இல் எங்கள் ஊர்த் தடமான மரினா பேயில் பந்தயம் முடிந்து, கார் எரிந்துபோன மார்க் வெப்பர், அலோன்சோவின் ஃபெராரி மேல் உட்கார்ந்து சவாரி வந்தாரே, ஞாபகம் இருக்கும். ஊரே கைதட்டியது. நீங்கள் வெப்பருக்குக் கண்டிப்பு கொடுத்தீர்கள். அந்த ஆண்டின் மூன்றாவது கண்டிப்பு என்பதால் அடுத்து கொரியாவில் அவருக்குப் புறப்படும் வரிசையில் பத்து இடம் பின்னுக்கு. ‘மனுசத்தன்மை இல்லாதவர்கள்’ என்றார் மேல் மாடி அண்ணன். சவாரியில் தப்பில்லை அண்ணே, அனுமதி இல்லாமல் தடத்துக்குள் நடந்ததும், பின்னால் கார்கள் வரும் இடத்தில் வண்டியை நிறுத்தியதும்தான் தப்பு என்றேன். கேட்கவில்லை. மெர்சிடஸ் கார்கள் விலகிப் போவதைக் காட்டும் காணொளி பிறகு வந்தது. அதைப் பார்த்தபின் அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு தே ஓ வாங்கிக் கொடுத்தார். காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் தீர்ப்பு பிடிக்காதவன்கூட அடங்குகிறான்.

எங்கள் ஊர்ப் பந்தயத்துக்கும் உங்கள் தீர்ப்புகளுக்கும் தொடக்கத்திலிருந்தே ஒரு விவகாரமான உறவு. 2008, முதல் இரவுப் பந்தயம். நெல்சன் பிக்கே ஜூனியர் சுவரில் மோதி, எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தது. அன்றைய விதிப்படி பிட் (கார்கள் நின்று எரிபொருளும் டயரும் போடும் இடம்) மூடியிருந்த நேரத்தில் எரிபொருளுக்காக உள்ளே வந்த ரோஸ்பெர்குக்கு நின்று புறப்படும் தண்டனை. ஆனால் நீங்கள் முடிவெடுக்கச் சுற்றுகள் ஓடின. அதற்குள் அவர் முன்னால் போய் இடைவெளி சேர்த்துக்கொண்டார், தண்டனையையும் கழித்துவிட்டு இரண்டாவதாக முடித்தார். அந்த மோதலே அணி சொல்லிச் செய்தது என்பது மறு ஆண்டுதான் வெளியே வந்தது. அதற்குள் உலகப் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் ஃபெராரி டிரைவர் மாஸாவை விட்டுப் போயிருந்தது. அவர் போட்ட வழக்கு லண்டன் நீதிமன்றம் வரை போய்விட்டது. அதில் நான் தலையிடவில்லை.

2022 எனக்கு நெருக்கமானது. அன்று நான் பாடாங் திடலில் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன், மகளோடு. மழையால் பந்தயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. ஷூவுக்குள் தண்ணீர், தலையில் பிளாஸ்டிக் பை. பெரெஸ் முதலில் வந்தார், லெக்லெர்க்கை விட 7.6 விநாடி முன்னால். சேஃப்டி காருக்குப் பின்னால் பத்து கார் நீளத்துக்குள் வராமல் பின்தங்கினார் என்று விசாரணை என்றார்கள். மேடையில் கோப்பை கொடுத்தார்கள், தேசிய கீதம் பாடினார்கள், ஷாம்பெயின் தெளித்தார்கள். நாங்கள் ரயில் பிடித்து வீடு வந்து, குளித்து, நள்ளிரவும் தாண்டிய பிறகு தீர்ப்பு வந்தது: முதல் முறைக்குக் கண்டிப்பு, இரண்டாவது முறைக்கு 5 விநாடி. வெற்றி நின்றது.

மேல் மாடி அண்ணன் அடுத்த நாள் கணக்கோடு வந்தார். இரண்டு முறைக்கும் ஐந்து ஐந்து என்றால் பத்து. பத்து என்றால் வெற்றி லெக்லெர்க்குக்கு. வெற்றியைக் காப்பாற்றத்தான் ஒன்றைக் கண்டிப்பாக்கினார்கள் என்றார். நான் தாளைக் காட்டினேன். ஈரத் தடத்தின் சிரமத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகக் காரணத்தில் எழுதியிருந்தீர்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் ‘சதி’ என்பதை விட்டுவிட்டு ‘இளகிய மனசு’ என்றார். கோப்பையைக் கொடுத்துவிட்டு அப்புறம் யோசிக்கிற வழக்கத்தைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். அது உங்கள் தப்பு மட்டுமல்ல, தொலைக்காட்சி நேரத்தின் தப்பும்தான்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். 2023, மரினா பே, சனிக்கிழமை தகுதிச்சுற்று. அந்த ஆண்டு எதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வெர்ஸ்டாப்பன் இரண்டாவது கட்டத்திலேயே வெளியேறி 11ஆவது இடம். அன்று அவர் மேல் மூன்று விசாரணைகள்: பிட் வாசலில் நின்று மற்றவர்களைத் தாமதப்படுத்தியது ஒன்று, சார்ஜன்டை மறித்தது ஒன்று, சுனோடாவை மறித்தது ஒன்று. வேகச் சுற்றில் வருகிறவனை மறித்தால் மூன்று இடம் பின்னுக்கு என்பது அதுவரை நாங்கள் பார்த்துப் பழகிய வழக்கம். அன்று வந்தது இரண்டு கண்டிப்பும், அணிக்கு 5,000 யூரோ அபராதமும். புறப்படும் வரிசையில் ஓர் இடம்கூட நகரவில்லை. மறுநாள் ஐந்தாவதாக முடித்தார். சைன்ஸ் வென்றார், அந்த ஆண்டு வெர்ஸ்டாப்பனின் ரெட் புல் அணி வெல்லாத ஒரே பந்தயம் அதுதான். ஆகவே பெரிய பாதிப்பு இல்லை என்று யாராவது சொல்லலாம். எங்கள் பட்டறையில் அப்படிச் சொன்னால் நான் அனுமதிக்க மாட்டேன். தலைக்கு மேலே போன சங்கிலி யார் தலையிலும் விழவில்லை என்பதற்காக அது விபத்துக் குறிப்பில் ஏறாமல் போகாது.

அடுத்த வாரம் ஜப்பானின் சுசூகா. அங்கே நடந்த கூட்டத்தில், சுனோடா விவகாரத்தில் தண்டனை கொடுத்திருக்க வேண்டும், அது தவறிய தீர்ப்பு என்று ஸ்டூவர்டுகள் தரப்பில் ஒத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. அறைக்குள் சொன்னது, வெளியே வந்தது, இதழ்களில் ஏறியது. ஒத்துக்கொண்டதை நான் மதிக்கிறேன். சட்டென்று செய்யக்கூடிய காரியமல்ல அது. வெர்ஸ்டாப்பன் கட்சிக்காரனான தம்பிகூட ‘நேர்மையாச் சொல்லிட்டாங்க’ என்றான். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். நானும் சிங்கப்பூர் வாரத்தின் தாள் வரிசையைத் திறந்து பார்த்தேன். கண்டிப்பு கொடுத்த தாள் இன்றும் அங்கே இருக்கிறது, காரணங்களோடு, கையெழுத்துகளோடு. அதைத் தவறென்று சொல்லும் தாளை நான் பார்க்கவில்லை. பத்து வருடம் கழித்து ஒருவன் அந்த வரிசையை மட்டும் படித்தால், 2023இல் மரினா பேயில் மறித்தது கண்டிப்போடு போகிற குற்றம் என்றுதான் நினைப்பான்.

என் கதை ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தூக்கு வேலையில் சுமை இரண்டடி தப்பாக இறங்கியது. யாருக்கும் அடியில்லை. சைகை கொடுத்த தம்பி கவனிக்கவில்லை என்று நான் அறிக்கை எழுதி, எல்லோரும் பார்க்கும் பலகையில் ஒட்டினேன். பெயர் போடவில்லை, ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரம் அவனைச் சாப்பாட்டு நேரத்தில் ‘தூங்குமூஞ்சி’ என்றார்கள். பிறகு கிரேன்காரரின் வாக்கிடாக்கியைப் பிரித்துப் பார்த்தபோது பேட்டரி இணைப்பு விட்டு விட்டு வேலை செய்வது தெரிந்தது. தம்பி சொன்னது சொன்னதுதான், அந்தப் பக்கம் கேட்கவில்லை. நான் அவனைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, “பரவால்லண்ணே, ஆனா பலகையில அது இன்னும் தொங்குது” என்றான். அன்று மாலையே புதிய அறிக்கை எழுதி, பழையது தொங்கிய அதே இடத்தில், அதே எழுத்தளவில் ஒட்டினேன். கை நடுங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இதைச் செய்ய முடியாதவர்கள் அல்ல. கடைசிச் சுற்றில் பட்டம் கைமாறிய 2021 அபுதாபி பந்தயம் பற்றி எஃப்ஐஏ மறு மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையை நான் இரண்டு முறை படித்தேன். அது பந்தயத்தை நடத்தும் ரேஸ் டைரக்டரின் விவகாரம், உங்களுடையதல்ல. ‘மனிதத் தவறு’ என்று அதில் இருந்ததைப் பார்த்து ஊர் உலகமே சிரித்தது. நானும் அப்படி ஒரு காரணத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனால் என் மேலாளர் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். ஆனால் அந்த அறிக்கை அதோடு நிற்கவில்லை. ஒரு சுற்று பின்தங்கிய கார்களின் பட்டியலைக் கையால் எடுத்ததால் பிழை வந்தது, இனி மென்பொருள் எடுக்கும் என்றும் எழுதியிருந்தது. என் தொழிலில் அதற்குப் பெயர் அறிக்கை.

2025 ஆகஸ்டில் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் லாசனோடு மோதியதற்காக சைன்ஸுக்கு 10 விநாடியும் இரண்டு தண்டனைப் புள்ளியும் கொடுத்தீர்கள். அவருடைய வில்லியம்ஸ் அணி புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்டது. கழித்துவிட்ட 10 விநாடியைத் திருப்பித் தர வழியில்லை, ஆனால் புள்ளிகளை நீக்கினீர்கள், பந்தயத்தில் நடக்கிற மோதல் அது, பெரும்பங்கு பழி ஒருவர் மேல் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தத் தாளை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். காப்பிக்கடைக்கும் கொண்டுபோனேன். எங்கள் மேசையில் அன்று உங்களுக்குக் கிடைத்த மரியாதை, சரியான தீர்ப்பு கொடுத்த எந்த நாளிலும் கிடைத்ததில்லை.

ஆனால் அது வில்லியம்ஸ் தட்டியதால் திறந்த கதவு. அணி தட்ட வேண்டும், புதிதாகவும் முக்கியமாகவும் ஏதாவது கையில் இருக்க வேண்டும், காலக்கெடு தாண்டக் கூடாது. சுனோடா விவகாரத்தில் தட்டுவதற்கு யார் இருந்தார்கள்? அவருடைய அணியும் வெர்ஸ்டாப்பனின் அணியும் ஒரே முதலாளியின் பிள்ளைகள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அண்ணன் தம்பி வழக்குக்கு ஊர்ப் பஞ்சாயத்து தானாக எழுந்தால்தான் உண்டு என்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த வாரக் கூட்டத்தில் ‘போன வாரம் தவறிவிட்டோம்’ என்று நீங்களே சொல்கிற நாளில், அதை எண்ணிட்ட தாளாக, தவறு நடந்த அந்தப் பந்தயத்தின் வரிசையிலேயே சேர்த்துவிடுங்கள். முடிவை மாற்ற வேண்டாம். புள்ளியை, கோப்பையைத் திருப்பிக் கேட்க வேண்டாம். எந்த விதி, எந்தப் படக்கருவி, எந்த வாதம் உங்களை வழிதவற வைத்தது என்று நான்கு வரி போதும்.

இப்படி எழுத ஆரம்பித்தால் அணிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடும், ரசிகர்கள் கூட்டமாக விழுந்து பிடுங்குவார்கள் என்று நீங்கள் தயங்கலாம். இரண்டாவது பயம் நியாயமானது. 2022இல் ஆஸ்டின் பந்தயத்துக்குப் பின் உங்களில் ஒரு பெண்மணிக்குக் கொலை மிரட்டல் வந்தது. அதைச் செய்தவர்களும் எங்களைப் போல ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று யோசியுங்கள். தவறை நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுகிறார்கள், அதில் ‘சதி’ என்ற சொல் கண்டிப்பாக இருக்கிறது.

2025இல் இங்கே, பிரேக் செத்துப்போன காரோடு வளைவுகளை வெட்டிக்கொண்டு வந்து, அலோன்சோவை விட அரை விநாடிகூட இல்லாத இடைவெளியில் ஹேமில்டன் ஏழாவதாக முடித்தார். 5 விநாடி கூட்டி எட்டாவது ஆக்கினீர்கள். என் மகளும் மேல் மாடி அண்ணனும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை என்று சொன்னால் மிகை, ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் இருவரும் சண்டை போட்டது தாளில் இருந்த காரணத்தை வைத்துத்தான். அதே பந்தயத்தின் முதல் சுற்றில் நோரிஸ் பியாஸ்ட்ரியை இடித்தாரே, அதற்குத் தண்டனை இல்லை. விசாரணை தேவையில்லை என்று போகிறவற்றுக்குக் காரணம் எழுதும் வழக்கமும் உங்களுக்கு இல்லை. அதைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2026 அக்டோபரில் முதன்முறையாக இங்கே ஸ்பிரிண்ட் என்ற குட்டிப் பந்தயமும் இருக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு தகுதிச்சுற்று. சுவருக்கும் சுவருக்கும் நடுவே டயர் சூட்டுக்காக ஊர்கிற கார்கள், பின்னால் முழு வேகத்தில் ஒருவன். மறிப்பு விவகாரம் நிச்சயம் வரும், உங்களுக்கும் எங்களுக்கும் தூக்கம் கெடும். தாள் எது வந்தாலும் காப்பிக்கடையில் அதைத் தமிழில் படித்துச் சொல்ல நான் இருப்பேன். 2023 செப்டம்பர் வரிசையின் கடைசியில் ஒரு தாளுக்கு இன்னும் இடம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

இப்படிக்கு,
பாடாங் புல்தரையில் நனைந்த ரசிகன் ஒருவன்,
சிங்கப்பூர்